ஆராதனை நடுவே ஒலி நின்றுபோனால்...



ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகைக்கு எடுத்த மண்டபம். இரண்டாம் பாடலின் நடுவே ஸ்பீக்கரில் 'படார்' என்றொரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி திரும்பிப் பார்க்கிறான். போதகர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். சபையார் பாடலை நிறுத்தாமல் கைதட்டித் தொடர்கிறார்கள். மூலையில் ஆம்ப்ளிஃபையரின் அருகே அமர்ந்திருக்கும் உங்கள்மேல் எல்லாருடைய கண்களும் விழுகின்றன. நீங்கள் மின்னணுவியல் படித்தவரல்லர். வாரநாட்களில் கம்பெனியிலோ கடையிலோ உழைக்கிறவர். வயரைச் செருகத் தெரியும் என்பதனாலேயே இந்தப் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்தது.

தாராவியிலும் அல்சூரிலும் டில்லியின் வாடகை மாடிகளிலும் கூடிவருகிற நம்முடைய சிறு சபைகளில் அநேகமாய் இதுவே நிலைமை. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் கேட்கிற தொகை, சில வேளைகளில் ஒரு மாத வாடகையின் பாதிக்கு வந்து நிற்கும். ஆகையால் நம்மால் ஆனதை நாமே செய்துபார்க்க விரும்புவது இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் எதுவரை நாம் போகலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று அறிந்திருப்பது அவசியம். 230 வோல்ட் மின்சாரம், கற்றுக்கொள்ளுகிறவன் என்று நம்மேல் இரக்கம் காட்டாது.

வேண்டிய கருவிகள் சொற்பமே. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு திருப்புளிகள், ஒரு டார்ச் விளக்கு, 25 வாட் சால்டரிங் அயன், நல்ல நிலையில் இருப்பதாக நீங்கள் அறிந்த ஒரு மைக் வயர், ஒரு சிறிய பழைய ஸ்பீக்கர். இவற்றில் கடைசி இரண்டும் மல்டிமீட்டரைவிட அதிகமாய் உதவும்.

பெட்டியைத் திறக்குமுன்

ஒலி ஒரு சங்கிலியாய் வருகிறது. மைக், மைக் வயர், மிக்சர், அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் வயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் வயர், ஸ்பீக்கர். இந்த ஏழில் ஒன்று அறுந்தாலும் சபைக்குக் கேட்பது ஒரே அமைதிதான். பழி மட்டும் எப்போதும் ஆம்ப்ளிஃபையர்மேல் விழுகிறது. உண்மையிலோ, ஒவ்வொரு வாரமும் சுருட்டி விரித்து மிதிபடுகிற வயர்களும், செருகிப் பிடுங்கப்படுகிற ஜாக்குகளும்தான் முதலில் கெட்டுப்போகின்றன.

ஆகவே ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால், ஒலி திரும்பி வந்தாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாமல் போகும். அடுத்த வாரம் அதே கெட்ட வயர் பையிலிருந்து திரும்பவும் வெளியே வரும். நானும் அப்படி ஒரே வயரிடம் மூன்று ஞாயிறுகள் ஏமாந்தவன்.

முகப்பிலுள்ள சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் சந்தேகம் பவர் கார்டுக்கும் ஃபியூஸுக்கும் வந்து நிற்கும். விளக்கு எரிந்தும் ஒலி வரவில்லையென்றால், மைக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு வால்யூமை மெல்ல உயர்த்தி, ஸ்பீக்கருக்கு ஓரடி தள்ளி நின்று கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல் கேட்டால் ஆம்ப்ளிஃபையரின் இறுதிப் பகுதியும் ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கின்றன. குறை அதற்கு முன்னே இருக்கிறது. இப்போது செல்போனிலிருந்து ஒரு பாடலை ஆக்ஸ் வழியாகக் கொடுங்கள். அது தெளிவாய் வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. மைக்கையும் அதன் வயரையும் பாருங்கள்.

மைக் வயரைச் சோதிப்பது எளிது. இருபுறமும் கழற்றி, மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒருமுனையின் நுனியையும் மறுமுனையின் நுனியையும் தொடுங்கள். பீப் ஒலிக்க வேண்டும். மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். ஜாக்கில் 1, 2, 3 என்ற எண்களே பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு எனப் பார்க்க வேண்டும். ஒன்றாம் முனை, வயரைச் சுற்றியுள்ள கவசக் கம்பி. சோதிக்கும்போது ஜாக்கின் கழுத்தருகே வயரை மெல்ல வளைத்துக் கொடுங்கள். பீப் விட்டு விட்டு ஒலித்தால் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த இடத்தை வெட்டி, இரண்டு அங்குலம் குறைத்துத் திரும்ப ஈயம் பற்றவைத்தால் போதும். பற்றவைத்த இடம் பளபளப்பாய் இருக்கட்டும். மங்கலாய், உருண்டையாய் ஒட்டியிருந்தால் அது சில வாரங்களில் விட்டுவிடும்.

ஸ்பீக்கரை அறிய ஒரு பழைய வழி உண்டு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து அதை முற்றிலும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனைகளையும் அதன் வயர்களில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்ற ஒலி கேட்டால் காயில் அறுபடவில்லை. மீட்டரில் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 ஓம் காட்டும்; அது குறையல்ல. 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய ஹாரன்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்பீக்கர் வயரின் முறுக்கு விட்டு, ஒரே ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆம்ப்ளிஃபையரின் இறுதி டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகலாம். பண்டிகைக் கூட்டம் வருகிறதென்று ஸ்பீக்கர்களைக் கூட்டிக் கூட்டி இணைப்பதும் அப்படிப்பட்டதே. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். நான்கை மாட்டினால் 2 ஓம். 4 ஓம் வரையே தாங்குமென்று பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் பெட்டி, அந்த நாளில் கொதித்துப் போகும். வாசிக்கத் தெரிந்த நாம் பின்புறத்தைத் திருப்பி வாசிப்பதில்லை.

ஃபியூஸ் சொல்லும் செய்தி

கண்ணாடி ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கழற்றுமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். உள்ளே கம்பி சாதாரணமாய் அறுந்து, கண்ணாடி தெளிவாய் இருந்தால் அது நாட்பட்டு ஓய்ந்திருக்கக்கூடும்; அல்லது சற்றே அதிகமான சுமையால் போயிருக்கும். அதே அளவுள்ள புதியதைப் போட்டு ஒருமுறை முயலலாம். கண்ணாடி முழுவதும் கறுத்தோ வெள்ளிபோல் படிந்தோ இருந்தால் உள்ளே எங்கோ பலமான ஷார்ட் இருக்கிறது. புதியது போட்டவுடன் அதுவும் போனால், மூன்றாவதைத் தேடி ஓடாதீர்கள்.

எங்கள் கூடுகையில் ஒருமுறை நடந்ததைச் சொல்லுகிறேன். மாலைக் கூட்டம் தொடங்க அரைமணி நேரம் இருந்தது. ஃபியூஸ் போய்விட்டது, கடைகள் மூடியிருந்தன. நல்ல மனதுள்ள ஒரு சகோதரர் மின்கம்பியின் செம்பு இழையொன்றை எடுத்து ஃபியூஸ்மேல் சுற்றிவிட்டார். பெட்டி உயிர்பெற்றது. அனைவரும் அவரைப் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். பிரசங்கத்தின் நடுவே மேடைக்குப் பின்னால் புகை எழும்பியபோதுதான் அந்தச் செம்பு இழையின் விலை தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போயிருந்தது. ஒரு சிறிய ஃபியூஸ் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்க வேண்டிய பெட்டியை நாங்கள் கைதட்டி எரித்தோம். பக்கத்திலேயே திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது என்பதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

அந்நாள் முதல் ஆம்ப்ளிஃபையரின் மூடியில் சரியான அளவுள்ள நான்கு ஃபியூஸ்கள் டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன.

மூடியைக் கழற்றினால்

முதலில், எதைத் திறக்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த புதிய ஆம்ப்ளிஃபையர்களிலும், தன்னுள்ளே ஆம்ப்ளிஃபையர் கொண்ட ஸ்பீக்கர்களிலும் கனத்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எஸ்.எம்.பி.எஸ். இருக்கும். அதற்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக டி.சி.யாக மாற்றப்பட்டு, ஏறக்குறைய 325 வோல்ட் ஒரு கெப்பாசிட்டரில் நிறைந்திருக்கும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களிலும் இதற்குக் குறையாத அபாயம் உண்டு. இவ்விரண்டும் நமக்கு ஆகாது.

கனத்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வழக்கமான பெட்டியானால், சுவிட்சை அணைத்ததோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்குங்கள். பழைய கட்டடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைக்கப்பட்டிருப்பது அரிதல்ல. அங்கே சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள். கையிலுள்ள மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவையுங்கள்.

உள்ளே டப்பாபோல் நிற்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்பதுபோல் எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவை மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். சில நிமிடங்கள் பொறுத்து, மீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்து அதன் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். இன்னும் வோல்ட் காட்டினால் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியில் பிடித்துச் சில வினாடிகள் தொடுங்கள். பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்வது சிலருக்கு வீரமாய்த் தோன்றும். அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

இனி டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்கப்படுகிற பழுதுகள் மீட்டரால் கண்டுபிடிக்கப்படுகிறவைகளுக்குக் குறைந்தவையல்ல. தலை உப்பிய கெப்பாசிட்டர், கருகிய ரெசிஸ்டர், கனமான பாகங்களின் அடியில் வட்டமாய் வெடித்திருக்கும் ஈயம், இவற்றைத் தேடுங்கள். மும்பையின் மழைக்காலத்தை இரண்டு மூன்று முறை கண்ட பெட்டியானால் செம்புத் தடங்களில் பச்சை படிந்திருக்கும். கரப்பான் பூச்சிகளுக்கு இந்த வெதுவெதுப்பான இடம் மிகவும் பிரியமானது. வால்யூமைத் திருகும்போது 'கரகர'வென்று வந்தால் காண்டாக்ட் கிளீனர் சிறிது தெளித்து, இருபது தடவை முன்னும் பின்னும் திருகி, நன்றாய் உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகும். சமையல் எண்ணெயோ தையல் எந்திர எண்ணெயோ விடாதீர்கள்.

இறுதி டிரான்சிஸ்டர்கள் அலுமினியத் தகட்டில் முடுக்கப்பட்டிருக்கும். மீட்டரை டையோடு நிலையில் வைத்து அவற்றின் முனைகளை இரண்டிரண்டாய்த் தொடுங்கள். நல்ல டிரான்சிஸ்டரில் பேஸிலிருந்து மற்ற இரு முனைகளுக்கும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசைகளிலும் பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் அது ஷார்ட் ஆகியிருக்கலாம். போர்டில் இருக்கும்போது அளப்பது நம்மை ஏமாற்றவும் கூடும். அதனோடு இணைந்துள்ள மற்றப் பாகங்களும் சேர்ந்து பேசும். இரண்டு சேனல் உள்ள ஆம்ப்ளிஃபையரில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் உங்களுக்கு ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார்: நல்ல சேனலில் ஒவ்வொரு இடத்திலும் என்ன காட்டுகிறதென்று தாளில் எழுதிக்கொண்டு, கெட்ட சேனலோடு ஒப்பிடுங்கள்.

2என்3055 போன்ற டிரான்சிஸ்டரை வாங்க மும்பையில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள லாமிங்டன் சாலைக்கும், பெங்களூருவில் எஸ்.பி. ரோட்டுக்கும், டில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கும் போவார்கள். மிகவும் மலிவாய்க் கிடைப்பதை நம்பாதீர்கள். வெளியே எண் சரியாயிருந்தாலும் உள்ளே சிறிய சில்லை வைத்த போலிகள் உண்டு. மாற்றும்போது அடியிலுள்ள மைக்கா தகட்டைத் தவறவிடக்கூடாது. 2என்3055-இன் உலோக உடலே அதன் கலெக்டர் முனை. தகடில்லாமல் முடுக்கினால் மறுபடியும் ஷார்ட்.

பழுது நீக்கிய பெட்டியை மெக்கானிக்குகள் நேரடியாக மின்சாரத்தில் செருகுவதில்லை. 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து அதன் வழியாகக் கொடுப்பார்கள். ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்பு அதைத் தாங்கிக்கொண்டு டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றுகிறது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இந்தப் பல்புப் பலகையை நீங்களே கட்டாமல் ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை இணைக்குமுன் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளவைப் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்டு வோல்ட் கணக்கில் இருந்தால் இணைக்காதீர்கள். ஸ்பீக்கரும் போகும்.

இரைச்சலும், உதட்டில் படும் 'சுரீர்' என்பதும்

'உம்ம்' என்ற இரைச்சல் வேறு வகைத் தொல்லை. வால்யூமைக் குறைத்தால் அதுவும் குறைகிறதா? அப்படியானால் அது மைக் வயரிலோ மிக்சரிலோ இருந்து வருகிறது. கவசக் கம்பி அறுந்திருக்கலாம். வால்யூமை முற்றிலும் அடைத்தும் மாறாமல் ஒலித்தால், ஆம்ப்ளிஃபையரின் பெரிய கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கக்கூடும். கீபோர்டு ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் மண்டபத்தின் மறுகோடியிலுள்ள பிளக்கிலும் இருந்தாலும் இரைச்சல் வரும். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள்.

அநேக இடங்களில் இந்த இரைச்சலுக்குச் செய்யப்படும் வைத்தியம் ஒன்று உண்டு: பிளக்கின் மூன்றாவது முனையை, அதாவது மேலே தடித்து நீண்டிருக்கும் எர்த் முனையை, கழற்றிவிடுவது. இரைச்சல் நின்றும் போகிறது. சகோதரரே, தயவுசெய்து அதைச் செய்யாதிருங்கள். செய்யப்பட்டிருந்தால் இந்த வாரமே சரிசெய்யுங்கள். அந்த முனை மற்ற இரண்டைக் காட்டிலும் நீளமாய் இருப்பதற்குக் காரணமே, செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்பதுதான். உள்ளே ஃபேஸ் கம்பி தேய்ந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால் எர்த் அதை இழுத்துக்கொள்ளும், ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டாய் நிற்கும். மைக் வயரின் கவசக் கம்பி அந்தப் பெட்டியோடு இணைந்தது. மைக்கின் உலோக வலை அந்தக் கவசக் கம்பியோடு இணைந்தது. அதை உதட்டருகே வைத்துப் பாடுகிறவர் உங்கள் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம்.

மைக்கைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது என்று பாடகர்கள் சொல்லும்போது, "ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்", "மைக்மேல் பஞ்சு உறை மாட்டுங்கள்" என்று நாம் சமாதானம் சொல்லிவிடுகிறோம். அது வெறும் கசிவாகவும் இருக்கலாம். எர்த் இல்லாத இடத்தில் இரண்டு முனை அடாப்டர்கள்கூட இப்படிக் கூசச் செய்யும். உண்மையான ஷார்ட்டாகவும் இருக்கலாம். டெஸ்டரின் சிறு விளக்கு இரண்டுக்குமே எரியும். எது எதுவென்று நமக்குச் சொல்லாது. ஆகையால் கூச்சம் உண்டானால் ஒலியமைப்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அன்றைக்கு மைக்கின்றிப் பாடுங்கள்.

2005 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள வேக்கோ நகரில், யூனிவர்சிட்டி பாப்திஸ்து சபையின் போதகர் கைல் லேக் ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, மைக்கைச் சரிசெய்யக் கை நீட்டினார். சபையார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தாக்கி மரித்துப்போனார். வயது 33. நம்முடைய முழுக்கு ஆராதனைகளை எண்ணிப் பாருங்கள்: ஈரத்தரை, நனைந்த உடைகள், தொட்டியின் விளிம்பில் நீட்டப்படும் வயர் மைக். தண்ணீரில் நிற்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் வயரால் இணைந்த மைக்கோ வேறெந்த மின்கருவியோ இருக்கவே கூடாது. கரையில் நிற்கும் ஒருவர் பேட்டரியில் இயங்கும் கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வாடகை இடத்தில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுவார். பிளக்கில் மூன்று துவாரம் இருப்பதனாலேயே அதன் பின்னால் கம்பி இருக்கிறதென்று எண்ணிவிட வேண்டாம். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மேடைக்குப் போகும் இணைப்பில் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் வழியாகவோ ஒருவருடைய உடல் வழியாகவோ மின்சாரம் கசிந்தால் அது கணத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்காரர் மறுத்தாலும், மேடைப் பலகைக்கு மட்டுமாவது சபைச் செலவில் செய்துகொள்ளலாம். அடுத்த ஸ்பீக்கர் வாங்குமுன் இதை வாங்குங்கள்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது

புதிய ஃபியூஸும் போகிறது, பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறது, பெட்டியைத் தொட்டால் கூசுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் கருகிய வாடை வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் பங்கு முடிந்தது. அப்போதும் வெறுங்கையாய்ப் போகாதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நேரத்தில் நின்றது, அதற்குமுன் என்ன சத்தம் வந்தது, எத்தனை ஸ்பீக்கர்கள் இணைந்திருந்தன, ஃபியூஸ் கறுத்திருந்ததா, எதையெதை நீங்கள் தொட்டீர்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்க வேண்டாம். நீங்கள் தவறாய்ப் பற்றவைத்த ஓரிடத்தைத் தேடி அவர் செலவிடும் மணிநேரமும் உங்கள் ரசீதில் வந்து சேரும்.

மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஸ்பீக்கரையும் கூடவே எடுத்துச்சென்று, கடையிலேயே அரைமணி நேரம் பாடவைத்துப் பார்த்த பின் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று முனை பிளக் ஒன்றும், நான்கு ஃபியூஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.